கணக்கை மறந்த எதிரி: ‘ஹோட்டல் டெல் லூனா’ கொரியத் தொடர்

சென்ற குளிர்காலத்தில், தில்லியின் பனிமூட்டம் பகல் பதினொரு மணிவரை விலகாதிருந்த நாட்களில், இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் ரூம் ஹீட்டரை நடுவில் வைத்துக்கொண்டு, மூன்று தலைமுறைப் பெண்கள் இந்தத் தொடரை இரவுக்கு ஒரு பகுதியாகப் பார்த்து முடித்தோம். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த என் தாயாருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்பதால், திரையின் அடியில் ஓடிய ஆங்கில வசன வரிகளை நான் தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். லஜ்பத் நகரிலுள்ள கொரியப் பண்பாட்டு மையத்தில் மொழி வகுப்புக்குப் போய்வரும் என் மகள், நான் பிழையாகச் சொன்ன இடங்களிலெல்லாம் திருத்தினாள். ஒரு தொடரை இப்படி வரிவரியாக வாயால் சொல்லிப் பார்க்கும்போது, தனியாக அமர்ந்து பார்த்தால் கண்ணில் படாத சில நன்மைகளும் சில ஓட்டைகளும் தெரிகின்றன. அவற்றை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

‘ஹோட்டல் டெல் லூனா’ 2019ஆம் ஆண்டு ஜூலை 13 முதல் செப்டம்பர் 1 வரை, சனி ஞாயிறு இரவுகளில் தென்கொரியாவின் டிவிஎன் அலைவரிசையில் 16 பகுதிகளாக ஒளிபரப்பானது. ஹாங் சகோதரிகள் என்று அறியப்படும் ஹாங் ஜோங்உன், ஹாங் மிரான் இருவரும் எழுத, ஓ சூங்ஹ்வான் இயக்கினார். பாடகியாக 2008இல் அறிமுகமாகி அந்நாட்டின் மிகப் பெரிய இசை நட்சத்திரங்களுள் ஒருவராகிவிட்ட ஐயூ விடுதியின் முதலாளியாகவும், குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கிய யோ ஜின்கூ அதன் மேலாளராகவும் நடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் நீள்வதால், முழுத் தொடருக்கும் இருபது மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையின் நடுப்பகுதியைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொடரைப் பற்றிப் பேச இயலாது. ஆகவே எதுவும் தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சியோல் நகரின் நடுவே, இறந்தவர்களுக்கு மட்டுமே முழு உருவில் தெரியும் விடுதி ஒன்று இருக்கிறது. மறுமைக்குப் போகும் வழியில் மனக்குறை தீராத ஆவிகள் அங்கே தங்கி இளைப்பாறி, விட்டுப்போன காரியத்தை முடித்துக்கொண்டு புறப்படுகின்றன. அவற்றுக்கு அறைகள் உண்டு, விருந்து உண்டு, ஒரு கதவைத் திறந்தால் விரியும் கடற்கரைகூட உண்டு. உயிரோடு இருப்பவர்களின் கனவில் புகுந்து ஒரு முறை பேசிவிட்டு வருவதற்கும் வழி செய்து தருகிறார்கள். வியாழக்கிழமைதோறும் பெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளில் ஜின்களுக்கு மனு எழுதி வைத்துவிட்டு வரும் மக்கள் வாழும் ஊரில் இருந்துகொண்டு, அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலம் தள்ளும் எனக்கு, இந்த ஏற்பாடு சற்றும் அந்நியமாகத் தோன்றவில்லை. நிலுவைக் கோப்புகளை முடித்து வைக்கும் அலுவலகமாகத்தான் அந்த விடுதி எனக்குப் பட்டது. எல்லாருடைய கோப்பையும் முடித்து அனுப்பும் அதன் முதலாளியின் கோப்பு மட்டும் 1300 ஆண்டுகளாக மேசையை விட்டு நகரவில்லை.

அந்த முதலாளியின் பெயர் ஜாங் மன்வொல். மன்வொல் என்றால் முழுநிலவு என்று மகள் சொன்னதும், “அப்போ பௌர்ணமின்னு சொல்லு” என்று தாயார் பெயரை மாற்றிவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவள் பௌர்ணமிதான். கொரியாவின் வடபகுதியை ஆண்ட கோகுர்யோ அரசைச் சில்லாவும் சீனத்துத் தாங் பேரரசும் சேர்ந்து கி.பி. 668இல் வீழ்த்தின. நாடிழந்த அந்த அகதிக் கூட்டத்தில் வழிப்பறி செய்து பிழைக்கும் குழுவுக்குத் தலைவியாக இருந்தவள் மன்வொல். உடன்பிறவாத் தம்பியைப் போல அவளோடு திரிந்தவன் யோனு. எதிர்பாராத ஒரு சந்திப்பில் அவளுக்கு நெருக்கமாகி, மணலில் எழுதிக்காட்டி அவள் பெயரை அவளுக்கே எழுதக் கற்றுக்கொடுத்தவன், யோங்ஜு கோட்டையின் காவற்படைத் தலைவன் கோ சங்மியோங். பிறகு யோனுவும் கூட்டாளிகளும் பிடிபட்டுக் கொல்லப்படுகிறார்கள். காட்டிக்கொடுத்தவன் சங்மியோங் என்றே மன்வொல் நம்புகிறாள். அவனோ கோட்டையின் இளவரசி சோங்ஹ்வாவை மணக்கப்போகிறான். அந்தத் திருமண நாளன்று மன்வொல் வாளோடு நுழைந்து தன் பழியைத் தீர்த்துக்கொள்கிறாள். ஒரு பக்கக் குறிப்பாக, காலத்தை மனத்தில் நிறுத்திக்கொள்வதற்குச் சொல்கிறேன்: இந்தக் கதை நடப்பதாகச் சொல்லப்படும் நாட்களில்தான் காஞ்சியில் இராசசிம்ம பல்லவன் கைலாசநாதர் கோயிலை எழுப்பிக்கொண்டிருந்தான். அவ்வளவு காலமாக ஒருத்தி ஒரு மனத்தாங்கலோடு உட்கார்ந்திருக்கிறாள்.

பழியைத் தீர்த்த பிறகும் அவளுக்கு விடுதலை கிடைக்கவில்லை. கொரிய நாட்டார் மரபில் உலகைப் படைத்த தாயாகக் கருதப்படும் மாகோ, கிழவி உருவில் வந்து, மாண்டவர்களின் சவப்பெட்டிகளை இழுத்துக்கொண்டு அலையும் அவளை நிலவின் விடுதிக்கு வழிகாட்டி, அங்கே ஒரு மரத்தோடு பிணைத்துவிடுகிறாள். இலையில்லாத அந்த மரம் அவளுடைய காலத்தின் உருவம். மரம் துளிர்க்காதவரை அவளுக்கு மூப்பும் கிடையாது, சாவும் கிடையாது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், திருட்டுத் தொழில் செய்யும் ஒருவன் சாவின் விளிம்பில் அந்த விடுதிக்குள் வந்து, தன் மகனின் பிறந்தநாளுக்காக ஒரு பூவைப் பறித்துவிடுகிறான். உயிர்ப்பிச்சைக்கு விலையாக அந்த மகனைப் பின்னாளில் தன்னிடம் அனுப்ப வேண்டும் என்று மன்வொல் பேரம் பேசுகிறாள். அவ்வாறு வந்து சேரும் மகன்தான் கூ சான்சங். வெளிநாட்டில் படித்து, பெரிய விடுதி ஒன்றில் வேலை தேடிக்கொண்டு, பேய் என்றால் நடுங்கும் ஒழுங்கான இளைஞன். அவன் வந்த பிறகு பட்ட மரத்தில் இலை முளைக்கிறது.

மூன்றாம் இரவில் என் தாயார், “இது நம்ம பழையனூர் நீலி கதைதானே” என்றார். அவர் பிறந்த ஊரிலிருந்து திருவாலங்காடு கூப்பிடு தூரம். பழையனூர் அதற்கு அடுத்த ஊர். நீலியை அவர் கதையாக அறிந்தவர் அல்லர், பக்கத்து வீட்டு வழக்காக அறிந்தவர். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட ஒருத்தி, அவன் வணிகனாக மறுபிறவி எடுத்து வரும்வரை பேயாகக் காத்திருக்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு ஊரவையின்முன் நின்று, ‘இவர் என் கணவர், என்னைக் கைவிடப் பார்க்கிறார்’ என்று அழுகிறாள். அந்த அழுகையை நம்பி, வணிகனின் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்களித்து அவனை அவளோடு ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள் வேளாளர்கள். விடிவதற்குள் அவள் அவனைக் கொன்றுவிடுகிறாள். கொடுத்த வாக்குக்காக எழுபது வேளாளரும் தீப்பாய்ந்தார்கள். நீலிக் கண்ணீர் என்ற வழக்கு நமக்கு மிஞ்சியது.

இரண்டு கதைகளுக்கும் உள்ள ஒற்றுமையை விட வேற்றுமைதான் என்னைப் பல நாட்கள் யோசிக்க வைத்தது. நீலியின் கதையில், கொல்லப்படும் வணிகனுக்குத் தன் முற்பிறவிக் குற்றம் நினைவிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பிறவி மாறினாலும் கடன் மாறாது என்பதே அந்தக் கதையின் நியாயம். நம் காப்பியத்தில் கோவலன் கொலையுண்டதற்கும், முற்பிறவியில் அவன் ஒரு வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்த வினைதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த வணிகனின் மனைவி பெயரும் நீலி என்பது வியப்பான ஒன்று. ஊழ்வினை வந்து ஊட்டும்போது, ஊட்டப்படுகிறவனுக்கு நினைவு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே கிடையாது. ‘ஹோட்டல் டெல் லூனா’ இந்த நிபந்தனையைத்தான் கையில் எடுத்துக்கொள்கிறது. எதிரி மறுபிறவி எடுத்து, எல்லாவற்றையும் மறந்து, சிரித்த முகத்தோடு எதிரே வந்து நின்றால், பழைய கணக்கை யாரிடம் காட்டி வசூலிப்பது?

அவ்வாறு வந்து நிற்பவள் மீரா. நம் வீட்டுப் பெண்ணின் பெயர்போல ஒலிக்கும் இந்தப் பெயர் கொரிய மொழியிலும் இருக்கிறது என்பது தாயாருக்குப் பெரிய மகிழ்ச்சி. சான்சங்கின் முன்னாள் காதலியான இந்த மருத்துவர்தான் இளவரசி சோங்ஹ்வாவின் மறுபிறவி. மன்வொல் அவளைக் கண்ட கணத்தில் அடையாளம் கண்டுகொள்கிறாள். இந்த இடத்தில் ஐயூவின் முகத்தில் வெறுப்பு உடனே தோன்றுவதில்லை. நெடுநாளாகத் தேடிய பொருள் தேடுவதை நிறுத்திய பிறகு கையில் அகப்பட்டால் வருமே, அந்தத் திகைப்புத்தான் முதலில் தோன்றுகிறது. பிறகு வன்மம் தலைதூக்குகிறது. ஆனால் எதிரே நிற்பவளோ அச்சம் அறியாதவள், கொஞ்சம் அசடு, பேசிக்கொண்டே இருப்பவள். அவளைப் பயமுறுத்துவதுகூட மன்வொலுக்குச் சலிப்பாக முடிகிறது. தன்னை வெறுப்பது ஏன் என்று தெரியாதவளை வெறுத்துக்கொண்டிருப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்பதை நகைச்சுவையாகவே காட்டியிருப்பது எழுத்தாளர்களின் திறமை.

இதைவிடப் பெரிய அடி பின்னால் வருகிறது. யோனுவும் பிறந்திருக்கிறான், யங்சூ என்ற காவல்துறை அதிகாரியாக. முற்பிறவியில் இளவரசியாக அவனைக் கொன்ற மீராவும், கொல்லப்பட்ட அவனும் இந்தப் பிறவியில் சந்தித்து, ஒருவரையொருவர் விரும்பத் தொடங்குகிறார்கள். யாருக்காக மன்வொல் 1300 ஆண்டுகள் பட்ட மரத்தோடு கட்டுண்டு கிடந்தாளோ, அவனே தன்னைக் கொன்றவளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். நான் இந்த வரிகளைத் தமிழில் சொல்லி முடித்தபோது தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அவனே வேணாம்னு விட்டுட்டான், இவளுக்கு என்ன?” என்றார். தொடரின் மொத்தக் கேள்வியும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. இறந்தவனின் பெயரால் சுமக்கும் பகை உண்மையில் யாருடையது? யோனுவினுடையதாக இருந்தால், அவன் அதை எப்போதோ இறக்கி வைத்துவிட்டான். அப்படியென்றால் இத்தனை நூற்றாண்டுகளாக மன்வொல் காத்தது அவனுடைய மரணத்தையா, அவளுடைய சொந்தக் காயத்தையா? மறுபிறவியைக் காதலர்களைச் சேர்த்துவைக்கும் எளிய கருவியாக மட்டும் பயன்படுத்தும் தொடர்கள் ஏராளம். பழிவாங்குபவளின் காலடி மண்ணை உருவுவதற்கு அதைப் பயன்படுத்திய தொடரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மறுபிறவி எடுக்காமலே இருந்தவன் சங்மியோங். அவன் ஒரு மின்மினியாக, அவள் அறியாமல், அவள் காலம் முழுவதும் அவளைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அவனுடைய துரோகத்தின் பின்னே இருந்த உண்மை தொடரின் பிற்பகுதியில்தான் வெளிப்படுகிறது என்பதால் அதை இங்கே எழுதவில்லை. மறந்துபோகும் வரத்தை மறுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்கவும் வழியில்லாமல், ஒரு பூச்சியின் வெளிச்ச அளவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொண்டு அவன் காத்திருந்த காட்சிகளில், லீ டோஹ்யுன் என்ற அன்றைய இளம் நடிகர் மிகக் குறைந்த வசனங்களோடு பெரிய பாரத்தைச் சுமக்கிறார். பார்வையாளர்களைப் போலவே மன்வொலும் சான்சங்தான் சங்மியோங்கின் மறுபிறவியோ என்று ஐயுறுகிறாள், ஏனெனில் அவளுடைய பழங்காலம் அவன் கனவில் வருகிறது. அவன் அவனல்லன் என்று தெரியும்போது கதை வேறு தளத்துக்குப் போகிறது. மறுபிறவிக் கதையின் நாயகன் யாருடைய மறுபிறவியும் இல்லாத புது மனிதன். பழைய கணக்கில் பெயரே இல்லாத ஒருவனால்தான் அந்தக் கணக்குப் புத்தகத்தை மூடச்சொல்ல முடிகிறது.

இனி மொழியைப் பற்றி. வாயால் மொழிபெயர்த்துக்கொண்டு பார்த்ததில் எனக்குப் பெருந்தொல்லை கொடுத்தது ஆங்கிலத்தின் ‘யூ’ என்ற ஒற்றைச் சொல். கொரிய மொழியில் பேசுகிறவரின் வயது, பதவி, நெருக்கம் ஆகியவற்றுக்கு ஏற்ப வினைமுற்று மாறும். நாம் நீ, நீங்கள் என்று பிரிப்பதை அவர்கள் இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறார்கள். மன்வொல் உலகில் யாரிடம் பேசினாலும் ஒருமைதான். 1300 வயதுக்காரிக்கு மூத்தவர் யார் இருக்கிறார்? பணியாளர்கள் அவளைச் ‘சாஜாங்நிம்’ என்று அழைக்கிறார்கள். ‘சாஜாங்’ என்றால் நிறுவனத் தலைவர், ‘நிம்’ நம் ‘அவர்கள்’ போன்ற மரியாதை ஒட்டு. சான்சங் பெரும்பாலும் அவள் பெயரோடு ‘ஷி’ சேர்த்து, வினைமுடிவில் ‘யோ’ ஒலிக்கப் பேசுகிறான். அஃதாவது, காதல் முற்றிய நிலையிலும் ‘நீங்கள்’தான். நான் பழக்கதோஷத்தில் ஐந்தாம் பகுதியிலேயே அவனை ‘நீ’ என்று பேசவைத்துவிட்டேன். மகள் உடனே தடுத்து, “அவன் இன்னும் மரியாதையாத்தாம்மா பேசறான்” என்றாள். திருத்திச் சொன்ன பிறகு அந்தக் காட்சியே வேறாகிவிட்டது. அவள் அவனை அதட்டுவதும், அவன் மரியாதை குறையாமல் மறுத்துப் பேசுவதும்தான் அவர்களுடைய காதலின் இசை. நாங்கள் பார்த்த இணையத்தளத்தின் வசன வரிகளில் இது முற்றிலும் தொலைந்திருந்தது. சில பகுதிகளில் வரிகள் பேச்சுக்கு முந்திக்கொண்டு வந்ததையும், பாடல் வரிகளை அறவே விட்டுவிட்டதையும் சொல்லாமல் இருக்க முடியாது. மாதச் சந்தா வாங்கும் நிறுவனம் தமிழில் ஒரு வசன வரியாவது கொடுத்திருந்தால் என் தொண்டை அந்தக் குளிரில் கட்டியிராது.

விடுதியின் பணியாளர்கள் மூவரும் ஆவிகளே, மூவருக்கும் தனித்தனிக் கதைகள் உண்டு. மதுக்கூடத்தைக் கவனிக்கும் கிம் சொன்பி பழைய காலத்து அறிஞர். ‘சொன்பி’ என்பதே கற்றவர் என்று பொருள்படும் சொல்தான். அவர் கதை கொஞ்சம் இலேசானது. அறைகளைப் பார்த்துக்கொள்ளும் சோஹி அப்படியல்லள். உயர்குடியில் வாழ்க்கைப்பட்டு, பெற்ற பிள்ளை பெண்ணாகப் போனதால் அந்தக் குழந்தையையும் பறிகொடுத்துத் தானும் உயிரை விட்டவள் அவள். அந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசு மண்ணோடு போவதைப் பார்த்துவிட்டுத்தான் புறப்படுவேன் என்று காத்திருக்கிறாள். பே ஹேசன் என்ற நடிகை இந்தப் பாத்திரத்தை ஒருபோதும் உரத்துப் பேசாமல், கைகளைக் கோத்து நிற்கும் விதத்தாலேயே நடித்திருக்கிறார். கள்ளிப்பாலின் வரலாறு தெரிந்த நமக்கு இந்தக் கதை கொரியாவில் நடப்பதாகத் தோன்றாது. என் தாயாருக்கும் தோன்றவில்லை. அவர் ஹீட்டரின் செந்நிறக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் இரண்டு மூன்று வசனங்களைச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

சடங்குகளைப் பொறுத்தவரை தொடர் அதிகம் விளக்குவதில்லை, விளக்காமலே நமக்குப் புரிந்தும் விடுகிறது. பௌத்த மரபுப்படி இறந்தவர்களுக்குக் கொரியர்கள் 49ஆம் நாள் சடங்கு செய்வதுண்டு. நம் வீடுகளில் பதினாறாம் நாள் கரும காரியம். அவர்களுக்கு மூன்று துறை கொண்ட ‘சம்தோசோன்’ ஆறு, நமக்கு வைதரணி. எமதூதனுக்கு நிகரானவன் கருப்பு உடையும் தொப்பியும் அணிந்த கண்ணியமான அலுவலரைப் போல வருகிறான். மாகோவாக நடிக்கும் சோ இசுக், ஒரே தெய்வத்தின் பல சகோதரிகளாக வெவ்வேறு குணத்தோடு வருவது தனி விருந்து. ஒருத்தி இரங்குகிறாள், ஒருத்தி எரிச்சலோடு திட்டுகிறாள், ஒருத்தி தண்டிக்கிறாள். ஏழு கன்னிமாரை வணங்கும் ஊர்க்காரருக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை.

நடிப்பில் இந்தத் தொடர் ஐயூவின் தோள்மீது நிற்கிறது. பேராசைக்காரி, ஷாம்பெயின் பிரியை, விலையுயர்ந்த கார்களும் நகைகளும் வாங்கியே விடுதியின் கணக்கைக் கடனில் தள்ளுபவள், நல்ல உணவு கிடைக்கும் கடை என்று கேள்விப்பட்டால் ஊர்விட்டு ஊர் போய்ச் சாப்பிடுபவள் என்று மன்வொலை முதலில் சிரிக்கும்படி அறிமுகப்படுத்திவிட்டு, அந்த ஆசைகளெல்லாம் முடிவில்லாத காலத்தை நிரப்புவதற்கான பண்டங்கள் என்று மெதுவாகப் புரியவைக்கிறார்கள். காட்சிக்குக் காட்சி மாறும் அவளுடைய ஆடைகளும் தொப்பிகளும் வெறும் பகட்டாக முதலில் எரிச்சலூட்டின. பத்துப் பகுதிகள் கடந்தபின், காலம் நின்றுபோன ஒருத்தி ஆடையை மாற்றுவதன்மூலம் மட்டுமே நாளை மாற்றிக்கொள்கிறாள் என்று எனக்குப் பட்டது. இது என் கற்பனையாகவும் இருக்கலாம். ஆடை வடிவமைப்பாளரிடம் கேட்டால் அழகுக்காக என்றுதான் சொல்வார். யோ ஜின்கூவின் பாத்திரத்துக்கு இவ்வளவு அடுக்குகள் இல்லை. ஆனால் அழுகையை அடக்கிக்கொண்டு பேசும் ஆழ்ந்த குரல் அவருக்கு இருக்கிறது, கடைசி மூன்று பகுதிகளில் அந்தக் குரலை நம்பியே இயக்குநர் பல காட்சிகளை நீளவிட்டிருக்கிறார்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் பெரியதும், தொடரின் நடுவில் நுழையும் தொடர்கொலைகாரன். ரகசியமாகப் படம்பிடிக்கப்பட்டு அவமானத்துக்குள்ளான ஒரு பெண்ணின் ஆவி பழிவாங்கப் புறப்படும் பகுதி தொடரின் பயங்கரமான, நியாயமான பகுதிகளுள் ஒன்று. அதிலிருந்து கிளைத்துக் கொலைகாரன் ஒருவன் சான்சங்கைத் துரத்தத் தொடங்கியதும், பகையைப் பற்றிய நுட்பமான கதை சாதாரணத் துப்பறியும் கதையாகிவிடுகிறது. யாரும் மறக்காத, யாரும் மன்னிக்க வேண்டியிராத, வெறும் கெட்டவன் ஒருவன் இந்தக் கதைக்குத் தேவையே இல்லை. மறந்துபோன எதிரி என்ற கடினமான கேள்வியிலிருந்து எழுத்தாளர்கள் சில மணி நேரம் ஓய்வெடுத்துக்கொண்டார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இரண்டாவது குறை, மன்வொல் சான்சங் காதலின் வளர்ச்சி. அவர்கள் பேசும் காட்சிகள் இனிமையானவைதாம். எனினும் சங்மியோங்கின் மின்மினிக்கு எதிரே வைக்கும்போது அந்தக் காதல் எடை குறைந்து காணப்படுகிறது. இருபது மணி நேரத்தில் பாதியை விருந்தாளி ஆவிகளின் சிறுகதைகள் எடுத்துக்கொண்டதால் வந்த விளைவு இது. அந்தச் சிறுகதைகளிலும் தரம் ஒன்றுபோல இல்லை. சான்சங்கின் நண்பன் சான்செஸ் மணந்துகொள்ளக் கேட்கவிருந்த பெண் விபத்தில் இறந்து, அதே விடுதிக்கு விருந்தாளியாக வந்து சேரும் கதை நெஞ்சைப் பிசைகிறது. வேறு சில, நகைச்சுவைக்காகவே ஒட்டவைக்கப்பட்டவை. விடுதியின் விதிகளும் தேவைக்கேற்ப வளைகின்றன. யார் உள்ளே வரலாம், மனிதர்களுக்கு எப்போது கட்டடம் தெரியும் என்பதில் எட்டாம் பகுதியில் சொன்னது பன்னிரண்டாம் பகுதியில் நிற்பதில்லை. மகள் இதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு வாதாடினாள். தாயார், பேய்க்கு ஏது சட்டம் என்று அந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

காட்சியமைப்பைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை. அது விளம்பரத் துணுக்குகளிலேயே தெரிந்துவிடும். தென்மேற்குக் கடற்கரை நகரான மொக்போவில், முன்பு ஜப்பானியத் துணைத்தூதரகமாக இருந்து இப்போது அருங்காட்சியகமாகியுள்ள செங்கல் கட்டடம்தான் விடுதியின் முகப்பாகக் காட்டப்பட்டது என்று மகள் சொன்னாள். பாடல்கள் தேவைக்கு அதிகமாக ஒலிக்கின்றன. ஒரே பாட்டு ஒரே பகுதியில் மூன்று முறை வரும்போது, நம்மை அழச்சொல்லி யாரோ முதுகில் தட்டுவதுபோல இருக்கிறது.

சிறுவர்களோடு பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முதல் நான்கு பகுதிகளில் சில உருவங்கள் அச்சமூட்டும், கண்ணில்லாத ஒரு பெண்ணின் முகம் என் மகளையே திடுக்கிட வைத்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடையில்லை. முதல் பகுதியைப் பார்த்துவிட்டு ஆடம்பரம் மிகுதி என்று கைவிட நினைப்பவர்கள், மீரா வந்துசேரும்வரையாவது பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். பகையைப் பற்றிய கதை அங்கேதான் தொடங்குகிறது. முதியவர்களுக்கு வாசித்துச் சொல்லிப் பார்ப்பதென்றால், பகுதிக்கு ஒன்றேகால் மணி நேரம் போதாது, இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகளுக்கு நிறுத்தி நிறுத்திப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முடிவை நான் சொல்லப்போவதில்லை. வரவேற்பு மேசையில் நிற்கும் ஹ்யோன்ஜுங் என்ற பையனைப் பற்றி மட்டும் சொல்லலாம். கொரியப் போரில், பள்ளிப் பருவத்தில் இறந்துபோனவன் அவன். சின்னஞ்சிறு தங்கையை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் விடுதியிலேயே தங்கிவிட்டான். அவன் பகைக்காகக் காத்திருக்கவில்லை. தங்கை வளர்ந்து, மணந்து, மூத்து, இப்போது சக்கர நாற்காலியில் நரைத்த தலையோடு இருக்கிறாள். அவளுடைய நாள் வரும்போது உடன் அழைத்துப் போக வேண்டும் என்பதே அவன் கணக்கு. பதினேழு பதினெட்டு வயதுப் பையனை அந்தக் கிழவி “அண்ணா” என்று கூப்பிடும் சொல்லை மொழிபெயர்க்க வேண்டிய தேவையே எனக்கு ஏற்படவில்லை. குரலிலேயே தாயாருக்கு விளங்கிவிட்டது. தொடர் முழுவதும் முடிந்த மறுநாள் இரவு, ஊருக்குத் திரும்புவதற்குப் பெட்டி கட்டி வைத்துவிட்டு, “அந்தப் பையன் தங்கச்சியக் கூட்டிட்டுப் போறானே, அத மட்டும் இன்னொரு தரம் போடு” என்றார் அவர். இம்முறை என்னை எதுவும் சொல்லவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.